வேப்பிலைக்கு எதற்கு ஆய்வுகூடச் சான்றிதழ்?

வைகாசி பிறந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி வந்துவிடும்: வேப்பிலை கிருமியைக் கொல்லும், நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். கிழக்கிலங்கையின் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகை அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கிற காலம், பகிர ஆளுக்கா பஞ்சம்! வேப்பிலை செய்த பெரிய வேலையை அந்தச் செய்தி கவனிப்பதே இல்லை என்பதுதான் என் குறை.

புறநானூற்றின் 281ஆம் பாட்டில் ஒருவன் போரில் புண்பட்டுக் கிடக்கிறான். வீட்டில் இரவ மரத்துத் தழையும் வேம்பும் செருகுகிறார்கள், வெண்சிறுகடுகு தூவுகிறார்கள், நறும்புகை போடுகிறார்கள். யாழ் ஒலிக்கிறது, மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். வேம்பை அரைத்துப் புண்ணில் பூசியதாகப் பாட்டில் இல்லை. ஆனால் இவ்வளவும் நடக்கும் வீட்டில் புண்பட்டவன் தனியாகக் கிடக்க மாட்டான். யாரோ ஒருவர் கண் விழித்துப் பக்கத்தில் இருப்பார். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபர்ஸ் மருத்துவச் சுவடியிலும் மூலிகையும் மந்திரமும் கலந்தே கிடக்கின்றன.

இங்கே மட்டக்களப்புப் பக்கம் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், வந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். பார்த்தவர் உள்ளே கால் வைக்க மாட்டார். அந்த வீட்டில் மீன், இறைச்சி இல்லை, தாளிப்பும் இல்லை. பிள்ளைக்கு உடம்பு அரித்தால் நகம் படாமல் வேப்பங்கொத்தால் வருடி விடுவார்கள். "அம்மாள் வந்திருக்கிறா" என்று சொல்லிவிட்டால் நோயாளியை யாரும் அருவருத்துப் பேச முடியாது, மரியாதையாகத்தான் நடத்த வேண்டும். கொள்ளைநோய்க் காலத்து ஒதுக்கலை இவ்வளவு கௌரவமாகச் செய்த ஏற்பாடு வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கொரோனா நேரம் வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவித்தலை நினைத்துப் பாருங்கள்.

அதற்காக வேப்பிலை பெரியம்மையை விரட்டியது என்று எழுதாதீர்கள். வாசலெல்லாம் வேப்பிலை தொங்கிய காலத்திலும் சனம் செத்தது. உலக சுகாதார நிறுவனம் 1980இல் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது தடுப்பூசியின் புண்ணியத்தில்.

கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்தால் வாசலில் வேப்பிலை கட்டுங்கள், நானும் கட்டுவேன். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள வீடென்றால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். அப்புறம், இயற்கைதானே என்று குழந்தைக்கு வேப்பெண்ணெய் பருக்கிவிடாதீர்கள், அது நஞ்சாகி வலிப்பு வரை கொண்டுபோன சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.