எருக்கம்பூவை நிறத்தால் மட்டும் பிரிக்க முடியாது

எருக்கின் இரண்டு இனங்களைப் பிரித்தறிவது பற்றிய கட்டுரை ஒன்றில், ஊதாப் பூ என்றால் கலோட்ரோபிஸ் ஜைகான்டியா, வெள்ளை என்றால் கலோட்ரோபிஸ் ப்ரொசெரா என்று இருக்கிறது. மதுரைப் பக்கம் அந்தக் கணக்கு உதவாது. திருமங்கலம், உசிலம்பட்டி சாலையோரத்திலும் சமணர் மலை அடிவாரத்திலும் நிற்பது பெரும்பாலும் ஜைகான்டியாதான். அதிலேயே வெள்ளையாகப் பூக்கும் செடிகளும் உண்டு. பிள்ளையாருக்கு மாலை கட்ட நாம் தேடிப் போய்ப் பறிக்கும் வெள்ளெருக்கு பெரும்பாலும் அதுவே.

இதழ் நிற்கும் விதத்தைப் பாருங்கள். ஜைகான்டியாவில் 5 இதழும் அகல விரிந்து, பல பூக்களில் பின்பக்கமாக மடங்கியிருக்கும். நடுவில் உள்ள கிரீடம் போன்ற பகுதி தனியாகத் துருத்தித் தெரியும். ப்ரொசெராவில் இதழ்கள் கிண்ணம் போல நிமிர்ந்து நிற்கும், வெள்ளையில் நுனி மட்டும் அடர் ஊதா. பூவும் கொஞ்சம் சிறிது. ராஜஸ்தான் போன்ற வறண்ட வடமேற்குப் பகுதிகளில் அதிகம் பார்க்கலாம். காயிலும் வித்தியாசம் உண்டு, ப்ரொசெராவின் காய் காற்றடைத்தது மாதிரி உப்பி உருண்டிருக்கும். ஆனால் காய் வரும்வரை காத்திருப்பானேன், பூவே போதும்.

இலையை வைத்துச் சொல்லலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். சாம்பல் பூத்த தடித்த இலை இரண்டுக்குமே இருக்கிறதே! வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிகூட இரண்டிலும் முட்டையிடும்.

அப்புறம், படம் எடுக்கக் கிளையை ஒடிப்பவர்கள் கையில் பட்ட பாலைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்க வேண்டாம். கருவிழியைப் பாதிக்கும். இந்த எச்சரிக்கையைக் கட்டுரையிலேயே சேர்த்திருக்கலாம்.