அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அதிபர் கையெழுத்து தேவையில்லை

"அமெரிக்காவில் அரசியலமைப்புத் திருத்தத்தை அதிபர் வீட்டோ செய்தால் கதை முடிந்தது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. சாதாரண மசோதாவோடு குழப்பிக்கொண்டிருக்கிறார்.

மசோதா என்றால் அதிபருக்குப் போகும். ஞாயிறு நீங்கலாகப் பத்து நாளில் அவர் கையெழுத்திடலாம், ஏற்காமல் திருப்பி அனுப்பலாம் (இதுதான் வீட்டோ). காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அந்த மறுப்பை முறியடிக்கலாம். திருத்தத்தை முன்மொழியவும் இதே மூன்றில் இரண்டு பங்குதான் வேண்டும்; குழப்பம் அங்கேதான் வருகிறது போல. ஆனால் திருத்தம் செய்யும் முறையைச் சொல்லும் அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு அதிபரைப் பற்றிப் பேசவே இல்லை. முன்மொழிவு நேரே மாநிலங்களுக்குப் போகிறது. நான்கில் மூன்று பங்கு, அதாவது 50-இல் 38 மாநிலங்கள் ஏற்றால் அது அரசியலமைப்பின் பகுதி. அதிபருக்கு இதில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1798-லேயே சொல்லிவிட்டது. அடிமை முறையை ஒழித்த 13-ஆம் திருத்தத் தீர்மானத்தில் 1865-இல் லிங்கன் கையெழுத்திட்டார், உண்மைதான். அது தேவையற்றது என்று மேலவையான செனட்டே உடனே குறித்து வைத்தது.

முட்டுக்கட்டை உண்மையில் மாநிலங்களில்தான். ஆண், பெண் சம உரிமைத் திருத்தம் 1972-இல் காங்கிரஸைத் தாண்டியது. கெடு 1982 வரை நீட்டிக்கப்பட்டும் 35 மாநிலங்களோடு நின்றுபோனது. கெடு வைக்காத 27-ஆம் திருத்தமோ 1789-இல் கிளம்பி 1992-இல் கரை சேர்ந்தது!

இன்னொன்று: காங்கிரஸ் முன்மொழியாவிட்டாலும் 34 மாநிலச் சட்டமன்றங்கள் கேட்டால் அதற்கென மாநாடு கூட்டியாக வேண்டும். அந்த வழியில் இதுவரை ஒரு திருத்தமும் வந்ததில்லை.