அரைப் பேர்

முந்தாநாள் அந்தக் காணொளிக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். அங்கே என் ஒற்றை வரிக்கு விழுந்த சிரிப்புப் பொம்மைகளை எண்ணி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கொஞ்சம் நீளமாகவே பேசிவிடுகிறேன்.

காணொளியில் அந்த அண்ணன் சொன்னதன் சாரம் இதுதான்: மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தோம், வெள்ளைக்காரன் கடல் கடந்து போய் கொயினா (மலேரியா மருந்தான குயினைன்) மரத்தைக் கண்டுபிடித்து நீலகிரியில் நட்டு நம்மைக் காப்பாற்றினான், நன்றி மறக்கக் கூடாது. நான் கேட்டது ஒரே கேள்வி. கண்டுபிடித்தது யார்? இதற்குத்தான் அத்தனை சிரிப்பு.

சரி, பெயரிலிருந்தே ஆரம்பிப்போம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவில் வளரும் மரம் அது. 17-ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரிமார்கள் அதன் பட்டையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1742-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு 'சின்கோனா' என்று பெயர் வைத்தார். பெரு நாட்டை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராயின் மனைவி, சின்சோன் சீமாட்டி, அந்தப் பட்டையால் காய்ச்சல் தீர்ந்து பிழைத்தார் என்று ஒரு கதை. அந்தக் கதை கட்டுக்கதை என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு லின்னேயஸ் சீமாட்டி பெயரில் ஓர் எழுத்தையும் விட்டுவிட்டார். நடக்காத வைத்தியத்துக்காக, எழுத்துப் பிழையோடு ஒரு பெயர். அது இன்றைக்கும் நிற்கிறது.

1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற அதிகாரி இந்திய அரசுக்காகப் பெருவுக்குப் போய்க் கன்றுகளைக் கிளப்பிக்கொண்டு வந்தார். அங்கிருந்த ஆட்கள் தடுக்கப் பார்த்தார்கள். எப்படியோ கப்பலேற்றிவிட்டார், ஆனால் பெரும்பாலானவை வழியிலேயே கருகிப்போயின. நீலகிரியில் பிழைத்தது ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்வடாரிலிருந்து அனுப்பிய சிவப்புப் பட்டை மரம்தான். அதில் கொயினாச் சத்து குறைவு.

சத்து நிறைந்த இனம் எது என்று தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். மனுவேல் இன்க்ரா மமானி. பொலிவியாவைச் சேர்ந்த அய்மாரா பழங்குடி. சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரியிடம் வேலை செய்தவர். விதை வேண்டும் என்று லெட்ஜர் கேட்டார். காட்டில் எந்த மரம், எப்போது காய்க்கும் என்பது மமானிக்குத்தான் தெரியும். விதை முற்றுகிற நேரத்தில் உறைபனி வந்து அழித்துவிடும், அடுத்த வருஷம் மறுபடி காத்திருக்க வேண்டும். அப்படிப் பல வருஷம் காத்திருந்து, 1865-ல் மலையெல்லாம் தாண்டி நடந்தே வந்து விதையைக் கொடுத்தார். பிற்பாடு இன்னும் விதை கொண்டுவரப் போனபோது பொலிவியாவின் கொரோய்கோ ஊரில் பிடித்து அடைத்தார்கள். யாருக்காக எடுக்கிறாய் என்று அடித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. வெளியே வந்து கொஞ்ச நாளில் செத்துப்போனார்.

பிரிட்டிஷ் அரசு அந்த விதையை வேண்டாம் என்று சொல்ல, டச்சுக்காரர்கள் அற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் நட்டார்கள். பட்டையில் கொயினாச் சத்து பத்து சதவீதத்துக்கும் மேல். பிற்பாடு உலகச் சந்தையே அவர்கள் கையில். அந்த இனத்தின் தாவரவியல் பெயர் என்ன தெரியுமா? சின்கோனா லெட்ஜெரியானா. கேட்டவர் பெயர் இருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் இல்லை.

மருந்து வேலை செய்தது வேறு விஷயம், அது யார் கையிலிருந்து வந்தது என்பது வேறு விஷயம். நான் சொன்னது இவ்வளவுதான். இதைச் சொன்னதற்குத்தான் நான் 'வாட்ஸப் விஞ்ஞானி'.

எங்கள் தாத்தா ஆனைமலையில் ஒரு தோட்டத்தில் பட்டை உரிக்கிற வேலை பார்த்தார். வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. பஸ்காரர் "சின்கோனா, சின்கோனா" என்று கூவும்போது, சின்னக் கோனார் என்று யாரோ ஒரு பெரியவர் பெயரில் அமைந்த ஊர் என்றுதான் எட்டாம் வகுப்பு வரை நினைத்திருந்தேன். (சிரிக்கிறவர்கள் இதற்குச் சிரிக்கலாம்.) கட்டையால் தட்டித் தட்டிப் பட்டையை இளக்கி உரித்தெடுக்க வேண்டும். அந்தக் கசப்பு நகக்கண்ணில் ஏறிவிடும், எத்தனை தேய்த்துக் கழுவினாலும் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறும் கசக்கும். அந்த நாட்களில் பாட்டிதான் உருட்டி ஊட்டிவிடுவாராம். தாத்தாவுக்கே முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, வந்தபோது கொயினா கொடுத்திருக்கிறார்கள். "காதுக்குள்ள வண்டு பறக்குதுடீன்னு ராத்திரியெல்லாம் உக்காந்திருப்பார்" என்று பாட்டி சொல்வார். கொயினா தின்றால் காது இரையும். எங்கள் வீட்டில் இது வைத்தியப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்ட சங்கதி இல்லை.

"அப்போ நீங்க மாத்திரையே சாப்பிடாதீங்க" என்கிறார் ஒருவர். சாப்பிடுவேன் ஐயா. 1820-ல் பாரிஸில் பெல்லத்தியேவும் கவந்துவும் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். காப்புரிமை வாங்காமல் செய்முறையை வெளியிட்டார்கள். அவர்களை இரண்டு கையும் எடுத்துக் கும்பிடுகிறேன். விஞ்ஞானத்தோடு எனக்கு என்ன சண்டை?

"மலேரியாவே அமெரிக்காவுக்கு ஐரோப்பியர் போன பிறகுதான் போயிருக்கும், அந்த மக்களுக்கு என்ன தெரியும்?" நன்றாகப் படித்த ஒருவரே இதைக் கேட்டார். ஆய்வாளர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதாவது நோயைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பதிலுக்கு மருந்தை வாங்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல பண்டமாற்று!

"ராஜேந்திர சோழன் மட்டும் கடல் கடந்து போகலையா?" போனான். அதற்கு வேறொரு நாள் வாருங்கள்.

"ஆனா மக்கள் பிழைச்சாங்களா இல்லையா?" பிழைத்தார்கள். எப்போது? நீலகிரி நடவு 1860-களின் தொடக்கம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் நடுவட்டத்தில் பழைய சிறைக் கட்டடம் இன்றும் இருக்கிறது. கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை அடைத்துவைத்துத் தோட்ட வேலை வாங்கிய இடம். வங்காளத்துத் தபால் ஆபீஸ்களில் காலணாவுக்குக் கொயினாப் பொட்டலம் விற்க ஆரம்பித்ததோ 1892-ல். நடுவில் முப்பது வருஷம். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு அப்படிக் காத்திருக்க வேண்டிய தேவை இருந்ததா என்ன?

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 1841-ல் நைஜர் ஆற்றில் ஏறிப்போன பிரிட்டிஷ் பயணத்தில் வெள்ளையர்கள் காய்ச்சலில் கொத்தாகச் செத்தார்கள். 1854-ல் டாக்டர் பெய்க்கி அதே ஆற்றில் போனார், ஆட்களுக்குத் தினமும் கொயினா கொடுத்தார். காய்ச்சலில் ஒரு வெள்ளையர்கூடச் சாகவில்லை. முப்பது வருஷம் கழித்து ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் பங்குபோட விதிமுறை எழுதின. கொயினா மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், துப்பாக்கியும் நீராவிக் கப்பலும் இருந்தன. ஆனால் உள்ளே போனவன் உயிரோடு இருந்தால்தானே துப்பாக்கி சுடும்? 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகள் கொயினாவுக்கு அலைந்த அலைச்சல் தனிக்கதை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பதிலுக்கு அங்கே என் தாத்தாவைப் பற்றி எழுதியதும் ஒருவர் வந்து, "உங்க தாத்தாவுக்கு வேலை குடுத்ததே வெள்ளைக்காரன்தான்" என்று எழுதினார். அதற்கு நாற்பத்தோரு விருப்பம். தம்பி, வெள்ளைக்காரன் போய் ஏழு வருஷம் கழித்துத்தான் என் தாத்தா மலையேறினார். ஆனால் எனக்கு வலித்தது அந்தக் கணக்குப் பிழை இல்லை. வேலை செய்தவரைவிட வேலை கொடுத்தவர்தான் உங்களுக்கு முதலில் கண்ணில் படுகிறார். மமானி கதையும் அதேதான், லெட்ஜர்தான் தெரிகிறார். லெட்ஜருக்காவது கடைசிக் காலத்தில் டச்சு அரசு ஓய்வூதியம் கொடுத்தது.

தோட்டத்தில் கூலியைக் கூலி என்று சொல்ல மாட்டார்கள். பேர் என்பார்கள். முழு நாள் வேலைக்கு முழுப் பேர். மழையால் பாதியில் நின்றாலோ, எடை குறைந்தாலோ கணக்குப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார். தாத்தா சாயங்காலம் லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடு) நுழையும்போதே பாட்டி கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை பேரு விழுந்துச்சு?"

மமானிக்கு அந்த அரைப் பேர்கூட விழவில்லை.

அந்தக் காணொளிக்குக் கீழே என் கருத்தை நீக்கிவிட்டார்கள் என்று இன்று காலை ஒரு நண்பர் சொன்னார். பார்த்தேன், உண்மைதான். மறுபடி எழுதிவிட்டேன். இந்தத் தடவை கேள்வி இல்லை, பெயர் மட்டும். மனுவேல் இன்க்ரா மமானி. இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று சிரிப்புப் பொம்மை விழுந்துவிட்டது.