நித்திரை முழிச்சது என்ர கண், உங்களுக்கேன் எரியுது?

அந்தப் போஸ்ட்டை எல்லாரும் பாத்திருப்பீங்கள், திரும்ப ஷேர் பண்ணி அவருக்கு லைக் சேர்த்துக் குடுக்க எனக்கு விருப்பமில்லை. "சிங்களவன்ர எலெக்சனுக்கு விடிய விடிய முழிச்சிருக்கிற அடிமையள்" எண்டு டொரோன்டோவில இருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். அதுக்குக் கீழ சிரிச்ச ஆக்களில பாதிப்பேர் என்ர பிரெண்ட் லிஸ்ட்டில. சந்தோசம்.

ஓம் அண்ணை, முழிச்சுத்தான் இருந்தனான். 2024 செப்டெம்பர் 21 சனி, இலங்கை ஜனாதிபதித் தேர்தல் நடந்த அண்டைக்கு இரவு 10 மணிக்கு ஊரடங்கு போட்டு, விடிய 6க்கு எடுக்கிறம் எண்டு சொல்லி, பேந்து மத்தியானம் வரைக்கும் நீட்டினாங்கள், வெளியில போகவும் ஏலாது, படுத்தா நித்திரையும் வராது, டிவியில முடிவு வர வர போனில கூட்டிக்கொண்டே இருந்தன். முதல்ல ஜேவிபி தலைவர் அநுர 50 வீதத்துக்கு மேல நிண்டார், பிறகு இறங்கினார், கடைசியா 42இல வந்து நிண்டார், எதிர்க்கட்சித் தலைவரா இருந்த சஜித் 32. அப்ப ஜனாதிபதியா இருந்த ரணில் அவுட். (2022இல காஸ் லைனில நிண்ட சனத்திட்டயே காஸ் சிலிண்டர் சின்னத்தில வோட்டுக் கேட்டு வந்தவர். துணிச்சல்தான். அதை விடுவம்.)

1982இல இருந்து அது 9ஆவது ஜனாதிபதித் தேர்தல், அதுக்கு முன்னம் ஒருக்காலும் ஒருத்தரும் 50 வீதத்தைத் தாண்டாம இரண்டாவது எண்ணிக்கைக்குப் போனதில்லை. 88இல சஜித்தின்ர தகப்பன் பிரேமதாச 50.43, 2005இல மகிந்த 50.29, மயிரிழையில எண்டாலும் தாண்டினவை. 2024இலதான் முதல் ரெண்டு பேரைத் தவிர மற்ற ஆக்களுக்கு விழுந்த சீட்டையும் திரும்ப எடுத்து, அதில அநுரவுக்கோ சஜித்துக்கோ இரண்டாவது, மூண்டாவது விருப்பமா 2, 3 போட்டிருக்கோ எண்டு பாத்தவை. நீங்கள் தூக்கிப் பிடிச்ச, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன்ர சங்குச் சீட்டும் அதுக்குள்ளதான் கிடந்தது. எங்கட சனம் கையால எழுதின இலக்கத்தை ஆரோ ஒரு அலுவலர் பாத்து எண்ணுற நேரத்தில, இது உங்கட விசயமில்லை, போய்ப் படுங்கோ எண்டு சொன்னீங்கள்.

"12 லட்சத்துக்கு மேல வித்தியாசம், இனி என்ன பதட்டம்" எண்டு ஒருத்தர் இன்பொக்ஸில. கூட்டல் கழித்தல் எனக்கும் தெரியும். ரணிலுக்கு மட்டும் 22 லட்சத்துக்கு மேல விழுந்திருக்கு, அதில எத்தினை பேர் 2 போட்டவை எண்டு அவருக்குத் தெரியுமோ? முடியுற வரைக்கும் முடியேல்லை.

ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான் எண்ட கதை எனக்குப் புதுசில்லை. 2005 நவம்பர் 17 அப்பா உடுத்து வெளிக்கிட்டு, வாக்காளர் அட்டையைச் சட்டைப் பொக்கற்றில வச்சுக்கொண்டு முன் விறாந்தையில இருந்தவர். பொழுது பட்டது, போகேல்லை. வோட்டுப் போட வேண்டாமெண்டு புலியள் மறிச்ச தேர்தல், ஏன் போகேல்லை எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாழ் மாவட்டத்தில 7 லட்சம் வோட்டு, விழுந்தது 2 வீதமும் இல்லை. மகிந்த ரணிலை வெண்டது 180,786 வோட்டால. அப்பா ரேடியோவைக் கேட்டுக் கேட்டு கலண்டர் தாளின்ர பின்பக்கத்தில எழுதிக் கூட்டினவர், கூட்டி முடிச்சுப் போட்டு அண்டைக்குச் சாப்பிடேல்லை. ரணில் வந்திருந்தா பாலும் தேனும் ஓடியிருக்கும் எண்டு நான் சொல்லேல்லை, அதைப் பிடிச்சுக்கொண்டு வராதேங்கோ. ஆனா ஒண்டுதான் எண்டு சொல்லாதேங்கோ, மகிந்த காலத்துக் கடைசிச் சண்டையில என்ர சித்தி குடும்பம் வன்னிக்குள்ள இருந்தது. அப்ப நீங்கள் ஸ்னோவுக்குள்ள நிண்டு கொடி பிடிச்சனீங்கள், அதை நான் குறைச்சுச் சொல்லேல்லை, உண்மையா.

2015இல நாங்கள் போட்ட வோட்டும் சேந்துதான் மகிந்த போய் ஆள் மாறினது. அதுக்குப் பிறகு வலிகாமம் வடக்கில ஆமி பிடிச்சு வச்சிருந்த காணியில கொஞ்சம் விட்டாங்கள், முழுக்க இல்லை, கொஞ்சம். என்ர மாமி 25 வருசத்துக்குப் பிறகு தன்ர கிணத்தை எட்டிப் பாத்தவ. உங்களுக்கு அது சின்ன விசயமா இருக்கும். 2019இல யாழ்ப்பாணத்தில 80 வீதத்துக்கு மேல சஜித்துக்குப் போட்டும் மகிந்தவின்ர தம்பி கோட்டா வந்தார், அந்த இரவு இஞ்ச ஒருத்தரும் ஆரோடயும் கதைக்கேல்லை. அடிமையள் எண்டபடியாத்தானாக்கும்.

ஜேவிபிதானே 2006இல வழக்குப் போட்டு வடக்கையும் கிழக்கையும் பிரிச்சது, அநுரவைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய் எண்டு கேக்கிறவைக்கு, ஐயா, அதுக்குத்தான் பதட்டம்! ரசிகர் மன்றம் வைக்கவோ முழிச்சிருந்தனான்?

இன்னொண்டு. 2020 நவம்பர் 3 அமெரிக்காவில வோட்டு, பைடன்தான் எண்டு டிவிக்காரர் சொன்னது 7ஆம் திகதி. அந்த நாலு நாளும் பென்சில்வேனியா மெப்பை மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போட்டது ஆர்? "கமலாவின்ர அம்மா சென்னை, எங்கட பிள்ளை" எண்டு எழுதினது ஆர்? இருக்கிறது கனடாவில, அங்க வோட்டும் இல்லை. அதுக்குப் பேர் அரசியல் அறிவு. நான் என்ர நாட்டு முடிவுக்கு, என்ர தலையில விடியப்போற முடிவுக்கு, டிவியைப் பாத்தா அடிமைத்தனம். 2024 நவம்பர் 5 அமெரிக்காவில அடுத்த வோட்டு, அண்டைக்கும் உங்கட வோலைப் பாக்கத்தான் நினைச்சிருந்தன்.

மாசாமாசம் காசு அனுப்புறவை சொன்னா இஞ்ச நாங்கள் கேக்கத்தானே வேணும். வோட்டு ஆருக்குப் போட, எவ்வளவு நேரம் முழிச்சிருக்க, எதுக்கு அழ. ஒரு லிஸ்ட் அனுப்பி விடுங்கோ.

கொமென்ட்டைப் பூட்டேல்லை, வாங்கோ. ஆனா 1 ஆருக்கு, 2 ஆருக்குப் போட்டனீ எண்டு மட்டும் கேக்காதேங்கோ. யாழ்ப்பாணத்தில சஜித்துக்கும் சங்குக்கும் நாலாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம், ஊரே ரெண்டா நிண்டது, எங்கட வீட்டில மூண்டு.