பீங்கான் பொம்மை என்றவருக்கு

இரண்டு நாட்களாகப் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. அந்தப் பதிவை நீங்கள் எல்லாருமே படித்திருப்பீர்கள். பாதிப் பேர் விருப்பக்குறியும் போட்டிருக்கிறீர்கள், பட்டியலைப் பார்த்தேன். எழுதியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. "பீங்கான் பொம்மைக்குச் சட்டை மாட்டி நிற்க வைத்தால் அது நடிப்பா?" என்று கொரிய, சீனத் தொடர்களைப் பற்றித் தொடங்கி, கடைசி வரியில் ஒன்றைச் சொல்லி முடித்திருந்தாரே, அதே பதிவுதான். அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நடிப்பு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. வசனம் பேசும்போது நடித்துவிடலாம், எழுதியவர் பாதி வேலையைச் செய்து வைத்திருப்பார். அடுத்தவர் பேசுவதைக் கேட்கும்போது நடிப்பதுதான் கஷ்டம். அந்தத் தொடர்களில் நல்லவற்றை எடுத்துக்கொண்டால், அங்கே நடிகர்கள் கேட்கிறார்கள். அதற்காகத்தான் பார்க்கிறேன்.

'மை மிஸ்டர்' என்ற கொரியத் தொடரைப் பார்த்திருக்கிறீர்களா? 2018இல் வந்தது, 16 பகுதிகள். ஐயூ என்ற பாடகி அதில் ஒரு நிறுவனத்தில் தற்காலிக வேலை பார்க்கும் பெண்ணாக வருகிறார். அலுவலகத்தில் சுருட்டி வந்த காபித்தூள் பாக்கெட் இரண்டைப் பிரித்து ஒரே கோப்பையில் கொட்டிக் குடிக்கும் அளவுக்கு வறுமை. கடன்காரன் ஒரு பக்கம், காது கேளாத பாட்டி ஒரு பக்கம். பணத்துக்காகத் தன் மேலதிகாரியின் கைபேசியை ஒட்டுக்கேட்கிறாள். அப்புறம் கதை முழுக்க அவளுக்கு அதுதான் வேலை, கேட்பது. காதில் இயர்போன், எதிரே யாரும் இல்லை. அந்த மனிதர் நடக்கும் சத்தம், மூச்சு, தன் அண்ணன் தம்பியோடு குடித்துவிட்டுப் பேசும் பேச்சு. இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தி, வெறுப்பிலிருந்து வேறு எங்கோ போய்ச் சேர வேண்டும். முகத்தில் ஒன்றும் பெரிதாக நடப்பதில்லை. ஆனால் பத்தாவது பகுதியில் இருப்பவள் முதல் பகுதியில் பார்த்தவள் இல்லை என்று நமக்குத் தெரிகிறது. இது பொம்மை செய்கிற காரியமா?

அந்த மேலதிகாரியாக நடித்தவர் லீ சன்-கியூன். கட்டடங்களின் பலத்தைச் சோதிக்கும் பொறியாளர் வேடம். கிணற்றடியிலிருந்து வருவது போல ஒரு குரல் அவருக்கு. 2023 டிசம்பரில் அவர் இறந்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் அன்று சமையல் தாமதமானது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

கேட்பது நடிப்பு என்பது நமக்கு ஒன்றும் புதிய சங்கதி இல்லை. 1964இல் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் திகில் கதை சொல்ல, டி.எஸ்.பாலையா கேட்டுக்கொண்டிருப்பாரே! கதை சொல்பவர் நாகேஷ். அறுபது வருடமாக நம் நினைவில் நிற்பது யார் முகம்? நாம்தான் அதை மறந்துவிட்டு, இப்போது ஆளுக்கு ஒரு வசனம், வசனத்துக்கு ஒரு இசை, மூன்று முறை மூன்று கோணத்தில் அதே முகம் என்று வந்து நிற்கிறோம். அதைச் சகித்துக்கொள்பவர்களுக்குக் கொரியாக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பது பொம்மை போலத்தான் தெரியும்.

சரி, பீங்கான் முகத்துக்கு வருகிறேன். ஹூ கே என்ற சீன நடிகர். இளம் வயதிலேயே அழகன் என்று பெயர் வாங்கியவர். 2006இல் ஒரு கார் விபத்தில் முகம் கிழிந்து, கண்ணருகே தையல் போட்டு, வடுவோடு திரும்பி வந்தார். 2015இல் 'நிர்வாணா இன் ஃபயர்' என்ற 54 பகுதித் தொடரில் அவருக்குக் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? முகமே மாறிப்போனதால் உயிர் நண்பனுக்கும் அடையாளம் தெரியாமல் போனவன். நண்பனான இளவரசன் எதிரே உட்கார்ந்து, இறந்துவிட்ட தன் தோழனைப் பற்றிப் பேசுகிறான். இவன்தான் அந்தத் தோழன். சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யோசிக்கும்போது விரல் மட்டும் துணியை நெருடிக்கொண்டே இருக்கும், அது அந்தப் பழைய தோழனின் பழக்கம். ஒரு விரல் நுனியில் கதையின் பாதியை வைத்துவிட்டுப் போகிறார்கள். போய்ப் பாருங்கள், பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

"அறுவைச் சிகிச்சை செய்த முகம்" என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார். செய்திருக்கட்டும். நம் ஊரில் யாரும் மூக்கைத் தொட்டதே இல்லையா? அடுத்து.

"அவர்கள் குரலே அவர்களுடையது இல்லை, சீனாவில் எல்லாம் டப்பிங்" என்று இன்னொருவர். இது கொஞ்சம் உறைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2011இல் வந்த 'எம்ப்ரஸஸ் இன் தி பேலஸ்' தொடரில் சுன் லி நடித்ததைப் பார்த்து நான் சொக்கிப்போனேன். தொலைக்காட்சிக்கான சர்வதேச எம்மி விருதின் பரிந்துரைப் பட்டியலுக்கே அவர் பெயர் போனது. அந்தக் குரல் ஜி குவான்லின் என்ற டப்பிங் கலைஞருடையது என்று பின்னால் தெரிந்தபோது ஒரு நாள் முழுக்க ஏமாந்த மாதிரி இருந்தது. படப்பிடிப்புத் தளத்தின் இரைச்சல், ஊருக்கு ஊர் மாறும் உச்சரிப்பு என்று அவர்கள் பக்கம் காரணம் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பதுதான் வேடிக்கை. நம் கதாநாயகிகளில் எத்தனை பேர் சொந்தக் குரலில் பேசினார்கள்? அவர்களை நடிகைகள் இல்லை என்று தள்ளிவிட்டோமா? குரல் இரவல்தான். கண் யாருடையது? விருதுப் பட்டியல் வரை போன கண்ணை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொள்வதும் ஒரு சாமர்த்தியம்.

எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. பணக்காரப் பையன் ஏழைப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் தொடர்கள் எனக்கும் ஆகாது. கதை முக்கியமான கட்டத்தில் நிற்கும்போது எல்லாரும் போய் சப்வே என்ற சாண்ட்விச் கடையில் ரொட்டி தின்பார்கள், விளம்பரம்! அதையும் சகித்திருக்கிறேன். குப்பை எந்த ஊரில் இல்லை? குப்பையைக் காட்டி ஊரையே குப்பை என்று சொல்வதுதான் பிரச்சினை. சீனத் தொடர் 'தி பேட் கிட்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள், 2020, 12 பகுதிதான். ஒரு கணக்கு ஆசிரியர் மாமனார் மாமியாரை மலைக்கு அழைத்துப் போகிறார். நிழற்படம் எடுக்கிறேன் என்று, இன்னும் கொஞ்சம் இப்படி உட்காருங்கள் என்று பணிவாகச் சரிசெய்துவிட்டு, தள்ளிவிடுகிறார். சின் ஹாவ் என்ற நடிகர். அந்தப் பணிவு இருக்கிறதே, மாப்பிள்ளைகளுக்கே உரிய பணிவு, இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அதே ஆள் மூன்று வருடம் கழித்து 'தி லாங் சீசன்' தொடரில் எடை போட்டு, வாயாடியாக, எதிலும் தோற்றுக்கொண்டே இருக்கும் வெகுளியாக வந்து நிற்கிறார். பொம்மைக்கு எடை கூடுமா?

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு நினைவு தப்பிப் போன வருடங்களில் இரவில் தூக்கம் கிடையாது. பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகலாம்" என்று தொடங்கிவிடுவார். இருப்பது அவர் நாற்பது வருடம் வாழ்ந்த வீடு. என்னைச் சின்னக்கா என்று அழைப்பார். நள்ளிரவில் அவர் படுக்கையருகே நாற்காலி போட்டு, மருந்து டப்பாவில் கைபேசியைச் சாய்த்து வைத்து, சத்தம் குறைத்துத் தொடர் பார்ப்பேன். விழித்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்படிப் பார்த்ததுதான் 'தி லைட் இன் யுவர் ஐஸ்'. 2019இல் வந்தது. 25 வயதுப் பெண் ஒருத்தி ஒரே நாளில் கிழவியாகிவிடும் கதை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். கிழவியாக நடித்தவர் கிம் ஹே-ஜா, அப்போது அவருக்கு 77 வயது. கொரியாவில் 1980 முதல் 2002 வரை ஓடிய ஒரு கிராமத்துத் தொடரில் அம்மாவாக நடித்து, ஊருக்கே அம்மா ஆனவர். நடுராத்திரியில் என் அம்மா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். கொரிய மொழி தெரியாது, சப்டைட்டில் படிக்கக் கண் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யார் இந்தச் சின்னப் பெண்? பாவம், யாரோ கிழவி வேஷம் போட்டுவிட்டிருக்கிறார்கள்."

இதற்கு மேல் ஒரு நடிகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

கதையின் முடிச்சை அவிழ்க்கப் போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அது வயது மாறிய கதையே இல்லை. அந்த அம்மாளுக்கு அல்சைமர். தன் மகனையே தன் அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மகனுக்குச் சிறு வயதிலிருந்தே செயற்கைக் கால். ஒரு காலை, பனி கொட்டிக் கிடக்கிறது. அம்மா துடைப்பத்தோடு பெருக்கிக்கொண்டிருக்கிறார். மகன் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். என் பிள்ளைக்குக் கால் சரியில்லை, பள்ளிக்கூடம் போகும்போது வழுக்கிவிடக் கூடாதே என்கிறார், எதிரே நிற்பவர் யார் என்று தெரியாமல். மகனாக நடித்த ஆன் நே-சாங் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். சின்ன வயதில் வாசலில் பனி இல்லாமல் இருந்தது ஏன் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. கத்தவில்லை, காலில் விழவில்லை. கேட்டார். நான் கைபேசியை நிறுத்திவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அந்தத் தொடருக்காகக் கொரியாவின் பெக்சாங் விருது மேடையில் ஏறிய கிம் ஹே-ஜா, கடைசிப் பகுதியின் வரிகளைக் கதைத்தாளிலிருந்து கிழித்து எடுத்து வந்து வாசித்தார். கீழே இருந்த நடிகர்கள் அழுதுகொண்டே கேட்டார்கள்.

இனி அந்தக் கடைசி வரி. "வீட்டில் கிழவி படுக்கையில் கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்து கொரியாக்காரனைப் பார்த்து உருகும் பெண்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகச் சொன்னேன் என்பீர்கள். அண்ணா, அம்மா படுக்கையில் இருந்தபோது நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள், சர்க்கரை போதவில்லை என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள். மருந்து டப்பாவில் சாய்த்து வைத்திருந்த கைபேசியைப் பார்த்தீர்கள், சிரித்தீர்கள். மூன்று வருடத்தில் எத்தனை இரவு தூங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது பொதுவாக எழுதுகிறீர்கள். அதற்கு நானூறு பேர் சிரிக்கிறார்கள், அதில் எட்டுப் பேர் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள்.

இதற்கும் நடிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம். எனக்கு இருக்கிறது.

கருத்துப் பெட்டியை மூடவில்லை. ஒரு தொடரையாவது முழுசாகப் பார்த்துவிட்டு வந்து திட்டுபவர்களுக்குக் கட்டாயம் பதில் சொல்வேன். அண்ணா, உங்களுக்கு 'தி லைட் இன் யுவர் ஐஸ்' போதும். 12 பகுதிதான், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கைபேசியைச் சாய்த்து வைக்க டப்பா வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் இருக்கிறது, இன்னும் தூக்கிப் போடவில்லை.