கிறிஸ்மஸ் வாழ்த்து சொல்லவும் நிபந்தனையா?

நான் வேலை பார்க்கும் இடத்தில் இந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வாழ்த்து இது: "கொண்டாடுவோர், கொண்டாடாதோர் அனைவருக்கும் பண்டிகைக் கால நல்வாழ்த்துகள். இச்செய்தி எந்த மதத்தையும் முன்னிறுத்தும் நோக்கம் கொண்டதல்ல. எவர் மனமேனும் புண்பட்டால் நிர்வாகம் பொறுப்பேற்காது."

வாசித்ததும் மனசு கசந்துபோனது. வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும் நாகர்கோவிலில் இருந்துகொண்டு, கிறிஸ்மஸ் என்ற பேரே இல்லாத ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து. முதலில் எழுதியது ஒரே ஒரு வரிதானாம். மேலே போகப் போக ஆளுக்கொரு பயத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்புப்படி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48 சதவீதத்துக்குச் சற்று மேல், கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47, முஸ்லிம்கள் 4 சொச்சம். பக்கத்து வீட்டுப் பண்டிகை தெரியாமல் இங்கே யாரும் வளர முடியாது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும், மண்டைக்காடு மாசிக் கொடைக்கும், அய்யா வைகுண்டர் அவதார தினத்துக்கும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அந்த லீவு எல்லாருக்கும்தான். 'கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார்' என்று சொல்லி நேர்ச்சை வைப்பவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள்.

எங்கள் அம்மா கிறிஸ்மஸ் அன்று காலையில் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே, "மைனி, ஹேப்பி கிறிஸ்மஸ்! பிள்ளைய எல்லாம் வந்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். கொஞ்ச நேரத்தில் எவர்சில்வர் தூக்கில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் வரும். அந்தத் தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஓணமோ தீபாவளியோ வரும்போது பாயசத்தோடு போகும். அதுவரை வைத்திருக்க முடியாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார். நோன்புக் கஞ்சிக்கும் இதே கணக்குதான்.

"உனக்குத் தெரியாது, இது பிரச்சினையான ஊர்" என்பார்கள். தெரியும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவ மோதலை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. துப்பாக்கிச் சூடும் கலவரமும் இந்த மண்ணைக் கிழித்துப் போட்டன. அதன் பிறகு சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து இரண்டு தரப்பு மக்களையும் நேரில் பார்த்துப் பேசினார். அந்தக் காயம் ஆறினது பேசினதால்தான். பேச்சையே விலக்கி நிற்கும் இந்த மாதிரி அறிக்கைகள், நமக்குள்ளே இன்னும் சண்டை இருக்கிறது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

சரி, சட்டமாவது இதைக் கேட்கிறதா? முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ ஆக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 ஆகிவிட்ட பிரிவு, வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவதைத்தான் குற்றம் என்கிறது. வாழ்த்துச் சொல்வதில் எந்தக் கெட்ட எண்ணம் இருக்கிறது? யாராவது குறை சொல்லத்தான் செய்வார்கள். 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட முதல் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில், குடும்பமாக ஒயின் குடிக்கும் படம் இருக்கிறது என்று மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்காக ஜனங்கள் அட்டை அனுப்புவதை விட்டுவிடவில்லை.

எனக்கு ஆத்திரம் அந்தக் கடைசி வரியில்தான். 'பொறுப்பேற்காது' என்று முடிகிற ஒன்றை வாழ்த்து என்று எப்படி வாங்கிக்கொள்வது? எங்கள் இடத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கும் ஒரு அக்கா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனைக் கைப்பைக்குள் போட்டார். அவருக்கு அது கிறிஸ்மஸ், வேறெதுவும் இல்லை.

அடுத்து பொங்கல் வருகிறது. அதற்கும் இதே பாணியில் ஒன்று தயாராகிறதாகக் கேள்வி. எழுதுகிற சார் இந்தப் பதிவைப் பார்ப்பார் என்று தெரியும். சார், 'இனிய பொங்கல் வாழ்த்துகள்' என்று ஒரே ஒரு வரி போடுங்கள். ரம்ஜானுக்கு 'பெருநாள் வாழ்த்துகள்' என்று போடுங்கள். யாராவது கேள்வி கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.