விரிசலில் பேஸ்ட் பூசும் முன்

வண்டியின் உலோகப் பாகங்களில் விரிசலை அடைக்கும் மெட்டல் பேஸ்ட் டப்பாவில் 1300 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்தால், எந்த விரிசலிலும் அதைப் பூசலாம் என்று பலர் நம்புகிறார்கள். இன்னொரு பக்கம், மெட்டல் பேஸ்ட் எல்லாமே ஏமாற்று வேலை, விரிசல் விட்டதைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்கிறார்கள். இரண்டுமே தப்பு. பேஸ்ட் நல்ல பொருள்தான். ஆனால் எத்தனை டிகிரி என்று பார்ப்பவர்கள், உடைந்த பாகம் வண்டியில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை.

கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இவை இரண்டு வேறு ஜாதி. ஒன்று எபாக்சி: பிசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும், உள்ளே உலோகத் தூள் இருக்கும். உலோகத்தைக் கெட்டியாகப் பிடிக்கும், ஓரளவு இழுவையும் தாங்கும். ஆனால் நல்ல ரகமே 260 டிகிரி வாக்கில் எல்லையைத் தொட்டுவிடும். இன்னொன்று, தண்ணீர் கலந்த சிலிகேட் பசையில் உலோகத் தூளைக் குழைத்தது. ஆயிரம் டிகிரிக்கு மேல் தாங்குவது இதுதான். காய்ந்தால் பீங்கான் மாதிரி ஆகிவிடும். ஓட்டையை அடைக்கும், வளைவையும் அதிர்வையும் தாங்காது.

இப்போது பாகத்துக்கு வருவோம். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் கல் பட்டு விரிசல் விட்டிருக்கிறது என்றால், உள்ளே எண்ணெய் 100 முதல் 130 டிகிரி. எஞ்சின் பிளாக்கில் தண்ணீர் ஓடும் பகுதியின் வெளிச்சுவர் என்றால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் 90 முதல் 105 டிகிரி, அழுத்தம் ஏறத்தாழ 1 பார். இந்த இடங்களில் எபாக்சியை ஒழுங்காகப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். இதை ஒட்டுவேலை என்று இளக்காரமாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அது முழுமையான ரிப்பேர்.

எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் அப்படியல்ல. எஞ்சின் முழு வேகத்தில் உழைக்கும்போது புகை 800 டிகிரியைத் தாண்டும். வண்டியை எடுக்கும்போதெல்லாம் வார்ப்பிரும்பு விரியும், நிறுத்தினால் சுருங்கும். விரிசல் வந்ததே அதனால்தான். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து விரிசல் மூடிக்கொள்ள, சத்தம் நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று பலர் விட்டுவிடுவது அங்கேதான். சிலிகேட் பேஸ்ட் பூசினால் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் இரும்பை உடைத்த அதே அசைவு அதையும் உடைக்கும். புதுப் பாகம் வரும்வரையோ, நன்றாகச் சூடாக்கி நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்தவர் கிடைக்கும்வரையோ சமாளிக்கலாம், அவ்வளவுதான். மறுபடி கசிந்தால் தள்ளிப்போடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டிக்குள் வந்தால் உயிரையே எடுக்கும்.

அப்புறம், பேஸ்ட் பிடிக்கவில்லை என்று குறை சொல்கிற பெரும்பாலான இடங்களில் குறை முன்வேலையில் இருக்கும். விரிசலின் இரண்டு முனையிலும் சுமார் 3 மில்லிமீட்டர் துளை போட வேண்டும், இல்லையென்றால் விரிசல் பேஸ்டைத் தாண்டி ஓடும். கிரைண்டரால் வாய்க்கால் மாதிரி பள்ளம் எடுத்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும். பழைய வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். அசிட்டோன் முழுக்க ஆவியான பிறகு லேசாகச் சூடாக்கினால் அந்த எண்ணெய் கசிந்து மேலே வரும். ஆறவிட்டுத் துடைத்து, எண்ணெய் வருவது நிற்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமையான வேலை, ஆனால் பிடிமானமே இதில்தான் இருக்கிறது. எபாக்சி இறுகப் பொதுவாக ஒரு நாள் முழுக்க விட வேண்டும். சிலிகேட்டை ஈரமாக இருக்கும்போதே வேகமாகச் சூடாக்கினால் உள்ளே நீராவி கிளம்பிக் கொப்பளித்துவிடும்.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், வீல், பெட்ரோல் லைன்: இவற்றில் எந்தப் பேஸ்டும் கூடாது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே வரும் விரிசலிலும் கூடாது.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது, விரிசலில் பேஸ்ட் பூசி, மேலே பெயின்ட் அடித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை விற்கும்போதுதான். வாங்கியவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தொலைதூரம் போவார். மெக்கானிக் நண்பர்களே, எந்த இடத்தில், எந்த வகைப் பேஸ்ட், எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வண்டி கை மாறினால் அந்தப் பில்லும் கூடவே போகட்டும்.